வன்முறை எதிர்கொள்ளும் பயிற்சித் தேர்வு: செய்முறையில் மதிப்பெண் போகும் இடங்கள்

மருத்துவமனையில் கொந்தளித்து வன்முறையில் இறங்கக்கூடியவர்களை எதிர்கொள்ள நர்ஸ்களுக்கு நடக்கும் பயிற்சித் தேர்வின் முடிவு வந்துவிட்டது. எழுத்துத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கிய பலர் செய்முறையில் சறுக்கியிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் நன்றாகப் பேச வருகிறது. சரியாக நிற்க வரவில்லை. அடுத்த முறை எழுதப் போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால்கூடப் போதும்.

அறைக்குள் நுழைந்ததும் வாயைத் திறக்குமுன் கதவைப் பாருங்கள். வெளியேற உங்களுக்கும் வழி வேண்டும், எதிரில் இருப்பவருக்கும் வழி வேண்டும். முதல் பாதியை எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பார்கள். இரண்டாவதில்தான் மதிப்பெண் போகும். கதவை மறித்து நின்றால், ஏற்கெனவே மிரண்டிருப்பவர் உங்களைத் தள்ளிவிட்டுத்தான் போக முடியும். இடைவெளி இரண்டு கை நீளம். கொந்தளிப்பில் இருக்கும் நோயாளியைக் கையாள்வது பற்றி 2012-இல் வெளியான பீட்டா (Project BETA) வழிகாட்டல் சொல்லும் அளவும் அதுதான். நேருக்கு நேர் நிற்காமல் உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, உள்ளங்கைகள் தெரியும்படி கைகளை இடுப்புக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். கை பாக்கெட்டுக்குள் போகக் கூடாது. மார்பில் கட்டவும் கூடாது. அவர் ஓரடி முன்னால் வந்தால் நீங்கள் ஓரடி பின்னால். பேசிக்கொண்டே பின்வாங்குவது எளிதாகத் தோன்றும், பதற்றத்தில் கால் நகராது. யாரையாவது எதிரில் நிறுத்தித் தினமும் பழகுங்கள்.

போகுமுன் கழற்ற வேண்டியவை:
- கழுத்தில் மாட்டிய ஸ்டெதஸ்கோப்
- இழுத்தால் தானாகக் கழலாத ஐடி கார்டு கயிறு
- சட்டைப்பையில் உள்ள கத்தரிக்கோல், பேனா
- தொங்கும் காதணி

பேச்சுக்கு வருவோம். ஒருவர் மட்டும் பேச வேண்டும். கூட இருப்பவர் மற்ற நோயாளிகளை நகர்த்தலாம், செக்யூரிட்டியை அழைக்கலாம். இடையில் புகுந்து சமாதானம் சொல்லக் கூடாது. “அமைதியா இருங்க”, “கத்தாதீங்க” இரண்டையும் மறந்துவிடுங்கள். “நான் இந்த வார்டு நர்ஸ். ரொம்ப நேரமா காத்திருக்கீங்க. இப்ப உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க.” இவ்வளவுதான். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கோபத்தில் இருப்பவருக்கு ஒரு வாக்கியம் உள்ளே இறங்க நேரம் பிடிக்கும். புதிது புதிதாகச் சொல்வதைவிட அதையே மறுபடி சொல்வது பலன் தரும். எது கூடாது என்று எல்லை வகுப்பதும் அப்படித்தான்: “நாற்காலியைக் கீழே வைங்க. வெச்சதும் உட்கார்ந்து பேசலாம்.” பிறகு இரண்டு வழிகள் கொடுங்கள், இரண்டும் உங்களால் முடிந்தவையாக இருக்கட்டும். “டாக்டர் அஞ்சு நிமிஷத்துல வந்துடுவார்” என்று தெரியாமல் வாக்குக் கொடுத்தால் ஆறாவது நிமிடம் நிலைமை முன்பைவிட மோசமாகும்.

எழுத்துத் தாளில், நோயாளி வன்முறையில் இறங்கும் ஆபத்தைக் கணிக்கும் புரோசெட் (Brøset) பட்டியல் கட்டாயம் வரும். குழப்பம், எரிச்சல், ஆரவாரம், வாய்மிரட்டல், உடல்மிரட்டல், பொருள்களைத் தாக்குதல் என்று 6 கூறுகள்; இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. மொத்தம் 0 என்றால் ஆபத்து குறைவு, 1–2 மிதம், 3-உம் அதற்கு மேலும் அதிகம். அடுத்த 24 மணி நேரத்துக்கான கணிப்பு இது. கேள்வி கேட்பவர்கள் கை வைக்கும் இடம் வேறு: நன்கு பழகிய நோயாளி என்றால் வழக்கத்தைவிட அதிகரித்த நடத்தைக்கு மட்டுமே 1. எப்போதும் குழப்பத்தில் இருப்பவருக்குக் குழப்பம் என்று 1 போட்டால் தவறு.

திடீரென ஆளே மாறிவிட்டார் என்று கேஸ் கொடுத்தால் உடல்காரணம் தேடுங்கள். சர்க்கரை குறைவு, ஆக்சிஜன் குறைவு, தலைக்காயம், மது நிறுத்தியதன் விளைவு, சிறுநீர் அடைப்பு, வலி. குளுக்கோஸ் பார்க்கலாம் என்று சொல்லாமல் நேரே கட்டிப்போடப் போனால் தேர்வில் மட்டுமல்ல, வார்டிலும் பெரிய பிழை.

விடுவித்துக்கொள்ளும் முறைகள்:
- மணிக்கட்டைப் பிடித்தால் அவருடைய கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி இழுக்க வேண்டும். பிடி தளர்வாக இருப்பது அங்கேதான்.
- முடியைப் பிடித்தால் அவர் கையை உங்கள் இரு கைகளாலும் தலையோடு அழுத்திக்கொள்ளுங்கள். பின்னால் இழுத்தால் முடியோடு தோலும் வரும்.
- கடித்தால் உள்நோக்கி அழுத்துங்கள். வெளியே இழுத்தால் சதை கிழியும்.

விடுபட்டதும் விலகிப் போய்விட வேண்டும். திருப்பி ஒரு தள்ளு தள்ளினாலும் அது தாக்குதல்தான்.

பலர் சேர்ந்து பிடிக்கும் நிலை வந்தால் குப்புறப் படுக்கவைக்காதீர்கள். முதுகிலோ மார்பிலோ எடை விழக் கூடாது, மூச்சு நின்றுவிடும். ஒருவர் தலைமாட்டில் இருந்து முகத்தையும் மூச்சையும் மட்டும் பார்க்க வேண்டும். வேறு எந்த வேலையும் அவருக்குத் தரக் கூடாது.

அலாரத்தைத் தாமதமாக அழுத்துவது இன்னொரு பொதுவான பிழை. குரல் உயரும்போதே அழுத்துங்கள். உதவி வந்து சேர நேரம் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் அந்தப் பொத்தானே அங்கே இருக்கிறது.

அறிக்கையில் “ஆக்ரோஷமாக நடந்துகொண்டார்” என்று எழுதாதீர்கள். மணி, இடம், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, கையில் என்ன இருந்தது, யார் யார் அருகில், நீங்கள் செய்தது என்ன என்ற வரிசையில் எழுதுங்கள். காயம் இல்லாவிட்டாலும், வெறும் வாய்மிரட்டலாக இருந்தாலும் அறிக்கை உண்டு.