மறுவிற்பனையில் வாங்கிய வீடும் கட்டியவரின் ஐந்தாண்டுப் பொறுப்பும்

சென்னையின் தென்புறநகரில் உள்ள அடுக்குமாடி வீடு ஒன்றை 2022 நவம்பரில் அதன் முதல் உரிமையாளரிடமிருந்து கிரையம் பெற்றோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் படுக்கையறைக் கூரையில் ஓதம் ஏறியது. பொங்கலுக்குள் பூச்சு பெயர்ந்து, துருவேறிப் பருத்த கம்பி வெளியே தெரிந்தது.

கட்டுமான நிறுவனத்திடம் முறையிட்டபோது, "நீங்கள் எங்களிடம் வாங்கவில்லையே" என்றார்கள். அது வெறும் தட்டிக்கழிப்பு என்றும் சொல்ல முடியவில்லை. முதல் உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையே, நம் ஊர் வழக்கப்படி, பிரிக்கப்படாத மனைப் பங்குக்கு ஒரு கிரையப் பத்திரமும் வீட்டுக்குத் தனியே ஒரு கட்டுமான ஒப்பந்தமும் எழுதப்பட்டிருந்தன. குறைகளைச் சரிசெய்து தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது இரண்டாவதில். அதில் என் கையெழுத்து இல்லை.

வழக்கறிஞர், கட்டட மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டத்தைத் திறந்து இரண்டு இடங்களைக் காட்டினார். பிரிவு 2(டி)-யின்படி, ஒதுக்கீடு பெற்றவர், அதாவது நிறுவனத்திடம் வீட்டைப் பெற்றவர் என்ற சொல், அந்த ஒதுக்கீட்டைப் பின்னர் விற்பனை மூலமோ வேறு வகையிலோ அடைந்தவரையும் உள்ளடக்கும். வாடகைக்கு இருப்பவரை உள்ளடக்காது. பிரிவு 14(3)-இன்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ நிறுவனத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால், 30 நாட்களுக்குள் அதைக் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். தவறினால் ஒதுக்கீடு பெற்றவர் இழப்பீடு கோரலாம்.

இங்கேதான் நான் ஒரு தப்புக்கணக்கு போட்டிருந்தேன். ஐந்து ஆண்டுகளை நான் வாங்கிய தேதியிலிருந்து எண்ணிக்கொண்டு, நிதானமாக இருந்தேன். முதல் ஒப்படைப்பிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு என்றார் வழக்கறிஞர். அந்த ஒப்படைப்புக் கடிதம் எங்களிடம் இல்லை. கிரையத்தின்போது கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. வெளிநாட்டில் இருந்த பழைய உரிமையாளர் தேடியெடுத்து அனுப்ப ஏழு வாரங்கள் ஆயின. அதில் இருந்த தேதி 2020 பிப்ரவரி. அதாவது, எஞ்சியிருந்தது ஓராண்டுக்கும் குறைவு.

அதற்குப் பின் செய்தவற்றுள் பயன்பட்டது கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கைதான். கம்பிக்கு வெளியே இருக்கவேண்டிய கான்கிரீட் உறையை, கொத்தனார்கள் 'கவர்' என்று சொல்வதை, அவர் கருவி வைத்து அளந்தார். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை 456, பாதிப்பு மிகக் குறைந்த சூழலுக்கே 20 மில்லிமீட்டர் கேட்கிறது. எங்கள் கூரையில் சில இடங்களில் 8 மில்லிமீட்டர்தான் இருந்தது. அறிக்கையின் நகலோடு 2024 ஆகஸ்டில் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினோம். 30 நாட்கள் கழிந்தும் பதில் வரவில்லை.

தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் பழுதுபார்ப்புக்குப் படிவம் எம், தீர்ப்பு அலுவலரிடம் இழப்பீட்டுக்குப் படிவம் என் என இரண்டும் தனித்தனி என்பதை அப்போதுதான் அறிந்தேன். விசாரணையில் எதிர்த்தரப்பு, பராமரிப்புக் குறைவே காரணம் என்றும், முதல் உரிமையாளர் மொட்டை மாடியில் துளையிட்டிருக்கிறார் என்றும் வாதிட்டது. துளையால் நீர் இறங்கலாம், ஆனால் கவர் குறையாது என்பதே எங்கள் பதில். பின்னர் வாங்கியவரை அந்த ஒரே காரணத்துக்காக நிவாரணத்திலிருந்து விலக்க இயலாது என்று லாரியேட் பில்ட்வெல் வழக்கில் 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியதையும் எங்கள் வழக்கறிஞர் எடுத்துரைத்தார். அது ஒப்படைப்புத் தாமதம் பற்றிய வழக்கு என்பதால் முழுவதும் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு சொன்னதிலும் ஓரளவு நியாயம் இருந்ததை மறுக்கமாட்டேன்.

மூன்றாவது அமர்வில் நிறுவனமே பழுதுபார்க்க முன்வந்தது. அது உத்தரவில் பதிவானது. துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சு கொடுத்து, மேல்தளத்தில் நீர்த்தடுப்பும் செய்து முடிக்க இரண்டு மாதங்கள் பிடித்தன. இழப்பீட்டு மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரரும் மறுவிற்பனையில் வாங்கியவரே. அவர் கூரையிலும் ஓதம் தெரியத் தொடங்கியிருக்கிறது, ஆனால் அவர் அறிவிப்பு அனுப்பும் முன்பே 2025 பிப்ரவரி கடந்துவிட்டது.