கையை அச்செடுக்க நினைப்பவர்களுக்கு

குழந்தையின் கையை அச்செடுக்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதுமா என்று இந்த வாரம் இருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன். தயவுசெய்து பிளாஸ்டரில் கையை நேரடியாகப் புதைக்காதீர்கள். நீருடன் சேர்ந்து இறுகும்போது அது வெப்பத்தை வெளியிடும். கனமாக ஊற்றினால் 60 டிகிரி செல்சியஸைக்கூட எட்டும் அந்தச் சூட்டிலிருந்து, கெட்டிப்பட்ட கட்டிக்குள் சிக்கிய கையை உருவி எடுக்க முடியாது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் 2007ஆம் ஆண்டு பள்ளி மாணவி ஒருவர் இப்படித்தான் பெரும்பாலான விரல்களை இழந்தார்.

தோலுக்கு ஏற்றது ஆல்ஜினேட். பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும், கடற்பாசியிலிருந்து கிடைக்கும் பொருள் அது. சில நிமிடங்களில் இறுகி, கைரேகையைக்கூடப் பதித்துக்கொள்ளும். ஆனால் காயக் காயச் சுருங்கும் என்பதால், கையை எடுத்தவுடன் அந்தக் குழிக்குள் பிளாஸ்டரை ஊற்றிவிட வேண்டும்.

பல நகல்கள் வேண்டுமென்றால், ரப்பர் போல இறுகும் சிலிகான் நல்லது. அதில் பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் வகை ஏறக்குறையச் சுருங்காது என்றாலும், கந்தகம் பட்ட இடத்தில் இறுகாது. கந்தகம் கலந்த லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) கையுறையோடு நான் தொட்ட மாதிரியின் மீது ஊற்றிய சிலிகான், விரல் பட்ட இடங்களில் மட்டும் மறுநாளும் பிசுபிசுவென்று ஒட்டியது. அன்றிலிருந்து நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைதான்.

அச்சில் ஊற்றும், இரு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசினான எபாக்ஸி ரெசினிடம் எனக்கு அச்சம் அதிகம். அது தோலில் பட்டுப் பட்டு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். சாதாரணத் தூசிக் கவசம் அதன் ஆவியைத் தடுக்காது. சன்னல்களைத் திறந்து வைத்து, குழந்தைகளை அடுத்த அறைக்கு அனுப்பிய பிறகே டப்பாவைத் திறக்கிறேன்.