தலைமை வினை எங்கே? பாம்பன் மாலை வகுப்புக் குறிப்புகள்

ஏப்ரல் 22, 2025

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் நிற்பதால், கடலுக்குப் போய்வரும் கல்லூரிப் பிள்ளைகளும் இப்போது ஆங்கில வகுப்புக்கு ஒழுங்காக வருகிறார்கள். இம்மாதம் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய இரயில் பாலத்தை வெளியூர்க்காரருக்கு ஒரே வாக்கியத்தில் அறிமுகம் செய்யச் சொன்னேன். ஒரு மாணவி எழுதியது: "த நியூ பிரிட்ஜ் விச் இஸ் இன் பாம்பன் விச் வாஸ் ஓப்பன்ட் இன் ஏப்ரல் விச் ஹேஸ் எ லிஃப்ட் ஸ்பான்." அதற்குமேல் ஒன்றும் இல்லை.

மூன்று சார்பு வாக்கியங்கள் இருக்கின்றன. அவை சார்ந்து நிற்கத் தலைமை வாக்கியம் இல்லை. பாலம் என்ன செய்கிறது, அல்லது என்னவாக இருக்கிறது என்று சொல்லும் வினை வரவேயில்லை. "இது பாம்பனில் ஏப்ரலில் திறக்கப்பட்ட, தூக்கு இணைப்புள்ள பாலம்" என்று தமிழில் பெயரெச்சங்களை அடுக்கிப் பெயரிலேயே முடித்துவிடலாம், வினையே தேவையில்லை. ஆங்கிலம் அதற்கு இடம் கொடுக்காது. எனவே "விச்", "ஹூ", "பிகாஸ்", "வென்" ஆகியவற்றால் தொடங்கும் பகுதிகளைப் பென்சிலால் அடைத்துவிட்டு, மிஞ்சுவது தனியே நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவள் வாக்கியத்தில் "த நியூ பிரிட்ஜ்" மட்டுமே மிஞ்சியது.

ஏப்ரல் 25

"ஆல்தோ" என்று தொடங்கி நடுவில் "பட்" போடும் பழக்கம் பலரிடமும் இருக்கிறது. இதற்குத் தமிழைக் குறை சொல்வார்கள், நான் ஏற்கவில்லை. "புயல் எச்சரிக்கை இருந்தாலும் போனான்" என்பதில் நாமும் ஒரே குறியைத்தான் வைக்கிறோம். இரண்டில் ஒன்றை அடித்துவிட்டால் வேலை முடிந்தது.

மே 2

இன்று முழுவதும் காற்புள்ளியிலேயே போயிற்று. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைப் பற்றி ஒருவன் எழுதிய வாக்கியம்: "த ஐலண்ட்ஸ் விச் ஹேவ் கோரல் ரீஃப்ஸ் ஆர் புரொடெக்டட்." காற்புள்ளி இல்லாததால், பவளப்பாறை உள்ள தீவுகளுக்கு மட்டுமே பாதுகாப்பு, மற்றவற்றுக்கு இல்லை என்று பொருள்படும். "விச்" பகுதியின் இருபுறமும் காற்புள்ளி வைத்தால், எல்லாத் தீவுகளும் பாதுகாக்கப்பட்டவை, பவளப்பாறை கூடுதல் செய்தி என்று ஆகும். "பவளப்பாறை உள்ள தீவுகள்" என்னும் நம் பெயரெச்சத் தொடர் இந்த இரண்டு பொருளையும் வேறுபாடு காட்டாமல் ஏற்றுக்கொள்வதால், எது தன் கருத்து என்பதை ஆங்கிலத்தில் எழுதுமுன் அவனே முடிவு செய்தாக வேண்டும். ஒரு புறம் மட்டும் காற்புள்ளி வைப்பவர்களே அதிகம்; வேலிக்கு ஒரு பக்கம் மட்டும் கம்பி கட்டியது போல.

மே 9

"கிராசிங் த பிரிட்ஜ், த சீ லுக்ஸ் கிரீன்." இதில் பாலத்தைக் கடப்பது கடல்! இங்கே தமிழ் இலக்கணமே கைகொடுத்தது. "செய்து" என்னும் வாய்பாட்டு எச்சம் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடியும் என்று தொல்காப்பியம் வினையியல் சொல்கிறது. "பாலத்தைக் கடந்து கடல் பச்சையாகத் தெரிகிறது" என்று நாமும் சொல்வதில்லை, "கடக்கும்போது" என்போம். அதைச் சொன்னதும் ஒருவர் விடாமல் "வென் யூ கிராஸ் த பிரிட்ஜ்" என்று மாற்றிவிட்டார்கள்.

ஜூன் 6

நீண்ட வாக்கியத்தைக் கண்டதும் இரண்டாக வெட்டு என்று கையேடுகள் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்தச் செய்தி தலைமை வாக்கியத்தில் வர வேண்டும் என்பதே முதலில் தீர்க்க வேண்டியது. 1964 டிசம்பர் புயலைப் படிப்பவர் அறிவார் என்றால், "வென்" போட்டுப் புயலை முன்னால் வைத்து, தனுஷ்கோடி இரயில் பாதை அழிந்ததைத் தலைமையில் வைக்கலாம். புயலே புதுச் செய்தி என்றால், அதைச் சார்பில் ஒதுக்குவது தவறு.

ஏப்ரலில் வினையில்லாமல் எழுதிய அதே மாணவி, 72.5 மீட்டர் தூக்கு இணைப்பு 17 மீட்டர் உயர்ந்து கப்பல்களுக்கு வழிவிடுவதைத் தலைமையாக்கி, திறப்பு நாளைச் சார்பாக்கி, முன்னினும் நீளமாக எழுதி வந்தாள். வெட்டச் சொல்லவில்லை. "வென்" பகுதி முடியும் இடத்தில் விடுபட்ட காற்புள்ளியை மட்டும் சேர்த்துக் கொடுத்தேன்.