பாசிக்குள் இருக்கும் சர்க்கரையை வரைவது எப்படி?

கீழக்கரையில் நோன்பு நாட்களில் உறைய வைக்கும் கடல்பாசியும் மண்டபம் பக்கம் மிதவையில் வளர்க்கும் பெப்சிப் பாசியும் கேலக்டோஸ் குடும்பச் சர்க்கரைகளால் ஆனவை. முதலாவது அகர். அது மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி ஆகியவற்றிலிருந்து எடுப்பது. இரண்டாவதில் கிடைப்பது கராஜீனன். இவற்றின் படங்களைப் புத்தகத்தில் தேடினால் ஒரே சர்க்கரை ஒரு பக்கம் ஏணியாக, ஒரு பக்கம் அறுகோணமாக, இன்னொரு பக்கம் சாய்நாற்காலியாக நிற்கும். எல்லோரும் குளுக்கோஸில் தொடங்குகிறார்கள். இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு கேலக்டோஸே வசதி.

ஏணி, எமில் ஃபிஷர் 1891-ல் கொண்டுவந்த முறை. 1-ஆம் கார்பனான ஆல்டிஹைடு (CHO) உச்சியில். குறுக்குக் கோடுகள் நம்மை நோக்கி வருகின்றன, நெடுக்குக் கோடுகள் தாளுக்குப் பின்னால் போகின்றன. ஒரு சர்க்கரைக்கு டி, எல் என்று ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்கள் உண்டு. டி-கேலக்டோஸில் 2 முதல் 5 வரையுள்ள கார்பன்களின் ஹைட்ராக்சில்கள் (OH) வலம், இடம், இடம், வலம். குளுக்கோஸில் 4-ஆவது மட்டும் மாறி வலப்பக்கம் வரும். வேறு வித்தியாசம் இல்லை. ஏணியைத் தாளிலேயே 180 பாகை திருப்பலாம். 90 பாகை திருப்பினால் முன்னால் வந்ததெல்லாம் பின்னால் போய்விடும், மூலக்கூறே மாறிவிடும்.

5-ஆம் கார்பனின் ஆக்சிஜன் 1-ஆம் கார்பனோடு இணைந்தால் ஏணி வளையமாக மூடும். அதை வரையும் அறுகோணம் ஹாவொர்த் முறை. வளைய ஆக்சிஜன் வலப்பக்கம் பின்மூலையில், 1-ஆம் கார்பன் வலக்கோடியில், எண்கள் கடிகாரச் சுற்றில். ஏணியில் வலம் என்றால் இங்கே கீழே, இடம் என்றால் மேலே. ஆக, 2 கீழே, 3 மேலே, 4 மேலே.

சறுக்குவது 5-ல்தான். ஏணியில் அதன் ஹைட்ரஜன் இடப்பக்கம் இருப்பதால் அதை மேலே போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கார்பனின் ஆக்சிஜன் வளையத்தை மூடப் போய்விட்டது. அதற்காக அந்த முனை சுழன்றாக வேண்டும். சுழன்ற பிறகு 6-ஆம் கார்பன் மேலே, ஹைட்ரஜன் கீழே. கேலக்டோஸ், குளுக்கோஸ் போன்ற ஆறு கார்பன் டி-சர்க்கரைகளின் ஆறுமூலை வளையத்துக்கு இதுதான்.

வளையம் மூடும்போது 1-இன் ஹைட்ராக்சில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஆல்ஃபா, பீட்டா என்று இரு வடிவங்கள் வரும். 'ஆல்ஃபா என்றால் கீழே' என்று மனப்பாடம் செய்வது இன்னொரு வம்பு. டி-க்குச் சரி, எல்-லுக்குத் தலைகீழ். 1-இன் ஹைட்ராக்சிலும் 6-ஆம் கார்பனும் வளையத்தின் எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் ஆல்ஃபா, ஒரே பக்கம் இருந்தால் பீட்டா. இப்படிப் பிடித்துக்கொண்டால் இரண்டுக்கும் உதவும்.

நாற்காலியில் 4-ஆம் கார்பன் மேல்நோக்கிய மூலை, 1 கீழ்நோக்கிய மூலை. ஒவ்வொரு கார்பனிலும் செங்குத்தான அச்சுக்கோடு ஒன்று, வெளிநோக்கிச் சாயும் பக்கக்கோடு ஒன்று. மேல்மூலையில் அச்சுக்கோடு நேர் மேலே, கீழ்மூலையில் நேர் கீழே. மாறி மாறி வரும். பக்கக்கோட்டைக் கைபோன போக்கில் சாய்க்கக் கூடாது. ஒரு பிணைப்பு தள்ளியுள்ள வளையக்கோட்டுக்கு இணையாக இழுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கார்பனாக ஹாவொர்த்தைப் பாருங்கள்: அங்கே மேலே, இங்கே அச்சும் மேலே என்றால் அச்சில் வையுங்கள், ஒத்துவராவிட்டால் பக்கத்தில். பீட்டா-டி-கேலக்டோஸில் 4-ஆவது ஹைட்ராக்சில் மட்டும் செங்குத்தாக நிற்கும், மற்றதெல்லாம் பக்கவாட்டில் படுத்துவிடும். பீட்டா குளுக்கோஸில் எதுவுமே நிற்காது. இந்த வித்தியாசம் ஏணியில் வெறும் இடம்-வலம். நாற்காலியில்தான் கண்ணுக்கே தெரிகிறது.

இனி பாசிக்கு வருவோம். அகரின் முக்கியக் கூறான அகரோஸில் டி-கேலக்டோஸும் 3,6-அன்ஹைட்ரோ-எல்-கேலக்டோஸும் மாறி மாறி வரும். கராஜீனனில் அந்த இரண்டாவதும் டி-வகை. கூடவே சல்பேட் தொங்கும். எல் வரையச் சொன்னால் பலர் 5-ஐ மட்டும் புரட்டுகிறார்கள். வலம், இடம், இடம், இடம் என்று வந்தால் அது எல்-ஆல்ட்ரோஸ், வேறு சர்க்கரை. நான்கையும் புரட்ட வேண்டும்: இடம், வலம், வலம், இடம்.

அன்ஹைட்ரோ என்பது 3-க்கும் 6-க்கும் இடையே ஓர் ஆக்சிஜன் பாலம். வழக்கமான நாற்காலியில் இரண்டும் பக்கவாட்டில் விலகிக் கிடப்பதால் பாலம் எட்டாது. நாற்காலி புரண்டால் இரண்டும் ஒரே பக்கம் செங்குத்தாக நிற்கும், அப்போது எட்டும். அதனால் கராஜீனனின் டி-வளையத்தில் 1 மேலே, 4 கீழே. அகரின் எல்-வளையம் புரண்டு 4 மேலே, 1 கீழே என்று வந்து நிற்பதால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு டி-சர்க்கரையின் சாதாரண நாற்காலி போலவே தோன்றும். சங்கிலிப் படங்களில் ஒன்றுவிட்டு ஒரு வளையத்தைக் கவிழ்த்தும் வரைவார்கள். கவிழ்த்த வளையத்தில் எண்கள் எதிர்ச்சுற்றில் ஓடும், மேலே-கீழே இடம் மாறும். அதனால் மேலே-கீழேயைப் படிக்கும் முன் ஆக்சிஜனைக் கண்டுபிடித்து, அதிலிருந்து 1, 2, 3 என்று பென்சிலால் எண் போட்டுவிடுங்கள்.