பனிக்காலப் படத்தொகுப்புத் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

ஒளிப்படப் படிப்பின் இறுதித் தேர்வுக்கு, பனிக்காலக் காட்டுயிர்களும் நிலக்காட்சிகளும் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு படத்தொகுப்பைச் சமர்ப்பிக்க வேண்டும்; பிறகு அந்தப் படங்களை முன்வைத்து வாய்மொழித் தேர்வு நடக்கும். இதே பிரிவை எடுக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உறைகுளிரில் விரல்கள் மரத்துப்போகும், யோசனையும் மந்தமாகும். அங்கே நின்று கணக்குப் போட முடியாது. கணக்குகளை வீட்டிலேயே முடித்து, கைப்பழக்கமாக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

அதில் பெரும்பங்கு எக்ஸ்போஷருக்குத்தான், அதாவது படத்துக்கு எவ்வளவு ஒளி விடுவது என்பதற்குத்தான். கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எடுத்துக்கொள்ளும். சட்டகம் முழுக்கப் பனி இருந்தால் பனியும் சாம்பலாகிவிடும். அதனால் +1 முதல் +2 ஸ்டாப் வரை கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு) என்று எல்லாப் பாடங்களிலும் இருக்கும். இந்த எண்ணை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த மண்டல முறையை, அதாவது கருமை முதல் வெண்மை வரையிலான சாயல்களை மண்டலங்களாகப் பிரிக்கும் முறையைப் படித்தபோதுதான் எனக்கு அதன் காரணம் பிடிபட்டது. அதில் நடுச்சாம்பல் ஐந்தாம் மண்டலம். அடுத்தடுத்த மண்டலங்களுக்கு இடையே ஒரு ஸ்டாப் வித்தியாசம். வெயில் பட்ட பனியின் நுண்மேடுபள்ளங்கள் ஏழாம், எட்டாம் மண்டலங்களில் தெரியும். அதைத் தாண்டினால் வெறும் வெள்ளைத்தாள். ஆகவே காட்சியின் ஒரு சிறு பகுதியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் பனியை அளந்தால் இரண்டு ஸ்டாப்புக்குக் குறையாமல் கூட்டலாம். சட்டகத்தில் கருமையான மரங்களும் நிறைய இருந்து, முழுச் சட்டகத்தையும் சேர்த்து அளந்தால் ஒன்றே போதுமானதாக இருக்கலாம்.

இதற்கு வீட்டுப் பயிற்சி ஒன்று உண்டு. வெள்ளைப் போர்வையை மடிப்பும் சுருக்கமுமாக ஜன்னலோரம் விரித்து, நடுவே கறுப்புப் பொருள் ஒன்றை வையுங்கள். போர்வையின் சுருக்கங்களும் அழியக்கூடாது, கறுப்பின் விவரமும் முழுக்க மூழ்கக்கூடாது. ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் கருமையும் வலப்பக்கம் வெண்மையுமாகப் படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடம்) வலப்பக்கம் சாய்ந்து, ஆனால் வலது ஓரச் சுவரில் முட்டாமல் நிற்கும் வரை பழகுங்கள். பனியில் நிற்கும் அண்டங்காக்கையை எடுக்கும்போது இந்தப் பயிற்சியின் அருமை தெரியும். கண்ணைக் கூசும் வெளிச்சத்தில் கேமராவின் திரையை நம்ப முடியாது, ஹிஸ்டோகிராமை நம்பலாம்.

ஒளியின் நிறச்சாயலை ஈடுசெய்யும் ஒயிட் பேலன்ஸைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுங்கள், பிறகு திருத்தலாம். ஆனால் நிழல்களின் நீலத்தை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள். நிழல் விழுந்த பனிக்கு நீல வானத்திலிருந்துதான் ஒளி வருகிறது. அந்த நிறம் உண்மையானது, குளிரைச் சொல்வதும் அதுதான்.

பனி பெய்யும்போது எடுப்பதற்கு ஒரு முடிவை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். துகள்கள் புள்ளிகளாக உறைந்து நிற்க வேண்டுமா, கோடுகளாக ஓட வேண்டுமா? முதலாவதற்கு 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமான ஷட்டர். இரண்டாவதற்கு 1/60 நொடியை ஒட்டித் தொடங்கிப் பாருங்கள். பின்னணி கருமையாக இருந்தால்தான் துகள்கள் எடுபடும். ஆட்டோஃபோகஸ் அருகில் விழும் துகளைப் பிடித்துக்கொண்டு விலங்கை விட்டுவிடும். ஒற்றைப் புள்ளியில் வையுங்கள், அல்லது கையால் ஃபோகஸ் செய்யுங்கள்.

கருவிகளைப் பொறுத்தவரை, குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும். தீர்ந்துவிட்டதாகக் காட்டிய பேட்டரி உடல் சூட்டில் கொஞ்ச நேரம் இருந்தால் மறுபடி வேலை செய்யும். மாற்றுப் பேட்டரிகளை உள்சட்டைப் பையில் வையுங்கள். வெதுவெதுப்பான அறைக்குள் கேமராவை அப்படியே கொண்டுபோனால் ஈரம் படியும். வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி இறுக மூடி, அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காமல் விடுங்கள். மூடுவதற்கு முன்பே மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துவிட்டால், காத்திருக்கும் நேரத்தில் படங்களைப் பார்க்கலாம். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: சூடான காரின் ஜன்னல் வழியே, தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்தால், சூடும் குளிருமான காற்று கலந்து அலையடிப்பதால் படம் மங்கும். எத்தனை விலை உயர்ந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது. எஞ்சினையும் ஹீட்டரையும் அணைத்து, உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிராகும்வரை பொறுத்திருங்கள்.

நிலக்காட்சிக்குக் கால்களை அடக்கியாள வேண்டும். புதுப்பனியில் ஒருமுறை மிதித்தால் அந்தக் காட்சி போனது போனதுதான். எங்கிருந்து எடுப்பது என்று தொலைவிலேயே தீர்மானித்து, சுற்றி நடந்து போங்கள். பனிக்காலச் சூரியன் தாழ்வாகவே நகரும். பக்கவாட்டில் விழும் அந்த ஒளிதான் பனியின் அலைகளை எழுப்பிக் காட்டும்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது விலங்குகளின் நிலை. பனிக்காலத்தில் உணவு குறைவு, உடற்சூட்டைக் காப்பதற்கோ ஆற்றல் அதிகம் வேண்டும். சிறு பறவைகள் பகலில் சேர்க்கும் கொழுப்பில் பெரும்பகுதியை இரவிலேயே எரித்துவிடுகின்றன. நாம் நெருங்கி அவற்றை ஒருமுறை பறக்கவிட்டாலும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் எடுக்கிறோம். விலங்கு மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால், காதுகளை நம் பக்கம் திருப்பினால், அங்கேயே நில்லுங்கள், தேவைப்பட்டால் பின்வாங்குங்கள். இரை காட்டி ஆந்தைகளை வரவழைத்து எடுக்கும் படங்களை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

நீங்கள் எடுக்கப்போகும் உயிரினத்தைப் பற்றிப் படியுங்கள். பனிமுயலும், குளிர்நிலங்களில் வாழும் டார்மிகன் பறவையும் பகல்பொழுதின் நீளம் குறைவதை வைத்தே வெள்ளை நிறத்துக்கு மாறுகின்றன. பனி தாமதமாக வந்தால், பழுப்பு நிலத்தில் வெள்ளை முயல் மறைய இடமின்றி நிற்கும். அந்த ஒரு படமே மாறிவரும் பருவநிலையைப் பேசும். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றி மனமாரப் பேசவும் முடியும்.

அந்தத் தேர்வில் தொழில்நுட்பக் கேள்விகளைவிட, எவ்வளவு தொலைவிலிருந்து எடுத்தீர்கள், உங்களைக் கண்டதும் விலங்கு என்ன செய்தது என்பவையே அதிகம் வந்தன. எனவே படம் எடுத்த அன்று மாலையே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்: நேரம், தொலைவு, லென்ஸ், விலங்கின் நடத்தை. அடைப்புக்குள் வளரும் விலங்கு என்றால் அதைப் படக்குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள். தேர்வாளர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.