மேற்படி, மேற்படி, மேற்படி

ஐந்து வருடமாக எங்கள் வாசலில் சோறு தின்ற தெருநாய் கருப்பியைக் கருத்தடை வண்டி பிடித்துக்கொண்டு போனது. ஒரு வாரத்தில் விட்டுவிடுவோம் என்றார்கள். ஒரு மாதமாகியும் வரவில்லை. பிடித்தவர்கள் நகராட்சியோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் ஒரு மீட்பு அமைப்பு. அவர்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவள் நான். அதுதான் இன்னும் ஆறவில்லை.

போன் செய்தால், "விட்டாச்சும்மா, பிடிச்ச இடத்துலயேதான்" என்று வைத்துவிட்டார்கள். நேரில் போனேன். வாசலில் பெரிய போர்டு, இத்தனை ஆயிரம் நாய்கள் மீட்பு என்று. நான் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவள். காலையில் ஆரம்ப இருப்பு, அப்புறம் வரவு, செலவு, சாயங்காலம் முடிவு இருப்பு. நாலும் ஒட்டாமல் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் போர்டில் வரவு மட்டும்தான் இருந்தது. எத்தனை நாயைத் திரும்ப விட்டீர்கள், எத்தனை தத்துப் போனது, எத்தனை செத்தது, இன்றைக்குக் கூண்டில் எத்தனை என்று கேட்டதற்கு, "சேவை பண்றவங்ககிட்ட கணக்குக் கேக்குறீங்களே" என்று கோபப்பட்டார்கள். அங்கே வேலை செய்யும் ஒரு தம்பிதான் விவரம் சொன்னான்: பிடித்தால் ஒன்று, ஆபரேஷன் செய்தால் ஒன்று, வெறிநோய் ஊசி போட்டால் ஒன்று. ஒரே நாய், போர்டில் மூன்று.

சாவுக் கணக்கைக் கேட்டதுதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. டிஸ்டெம்பர், பார்வோ மாதிரி கொடிய நோய் வந்த குட்டிகளையும் வண்டியில் அடிபட்டதையும் தூக்கி வருகிற இடத்தில் சாவு இருக்கத்தான் செய்யும். சாவே இல்லை என்று சொல்லும் இடத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகராட்சிக்கு மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, தபால் பிரிவில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நகலில் முத்திரை வாங்கவில்லை. முப்பது நாள் கழித்துப் போனால், "அப்படி ஒரு மனுவே வரலையேம்மா." மொத்தமும் வீண். நீங்கள் போடுவதாக இருந்தால் கையில் கொடுக்கும்போதே நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லை ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள்.

இரண்டாவது மனுவில் வேறு தப்பு. "ஏன் திரும்ப விடவில்லை?" "யார் பொறுப்பு?" என்று மனதில் இருந்ததையெல்லாம் எழுதிவிட்டேன். விளக்கம் தர இயலாது, ஆவணமாக இருப்பதைக் கேட்கவும் என்று இரண்டு வரியில் பதில். அதில் நியாயம் இருக்கிறது. கேள்வி கேட்கக் கூடாது, பதிவேட்டைக் கேட்க வேண்டும்.

மூன்றாவதில் அப்படியே கேட்டேன். நாய் பிடித்த பதிவேடு, அறுவை சிகிச்சைப் பதிவேடு, அகற்றிய உறுப்புகளை எண்ணிய பதிவு, திரும்ப விட்ட பதிவேடு, இறப்புப் பதிவேடு, அமைப்புக்குப் பணம் கொடுத்த பில்கள். இத்தனை மாதத்துக்கு என்று தேதி போட்டு. பதில் வந்தது: பதிவேடுகள் தொண்டு நிறுவனத்திடம் உள்ளன, அங்கே கேட்டுக்கொள்ளவும். அரை நாள் சம்பளத்தை விட்டு அங்கே போனால், "நாங்க தனியார், அந்தச் சட்டம் எங்களுக்குக் கிடையாது."

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது அழுகை வந்துவிட்டது. ஆனால் வழி இருந்தது. சட்டத்தின் 2(எஃப்) பிரிவு, ஒரு தனியார் அமைப்பிடமிருந்து வேறு சட்டத்தின்படி அரசு அலுவலகம் பெறக்கூடிய தகவலும் "தகவல்"தான் என்கிறது. 2023-ல் வந்த விலங்குகள் கருத்தடை விதிகளில் 11(19), நாயைப் பிடித்த இடத்திலேயோ அந்தப் பகுதியிலேயோ விட வேண்டும், விட்ட தேதி, நேரம், இடம் மூன்றையும் பதிய வேண்டும் என்கிறது. இந்த இரண்டையும் காட்டி, முப்பது நாளுக்குள் மேல்முறையீடு போட்டேன். ஸ்டாம்ப் தேவைப்படவில்லை. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம்தான். மேல்முறையீட்டு அலுவலர் விதியைப் படித்துப் பார்த்து, பதிவேடுகளை வரவழைத்துக் காட்டச் சொல்லி உத்தரவு போட்டார்.

நகலுக்குப் பதிலாக நேரில் பார்வையிடக் கேட்டிருந்தேன். அதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். நகலில் தெரியாதது நோட்டில் தெரியும். சுகாதாரப் பிரிவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பிடித்த பதிவு ஒழுங்காக இருந்தது. தெரு, நேரம், கழுத்துப்பட்டை எண் எல்லாம் உண்டு. ஆபரேஷன் பதிவும் பரவாயில்லை, அதை வைத்துத்தானே பில் பாஸ் ஆகிறது. விட்ட பதிவேட்டில், இடம் என்ற கட்டத்தில், முதல் வரியில் "சந்தைமேடு". கீழே மேற்படி. அதற்கும் கீழே மேற்படி. வேறு வேறு தெருவில் பிடித்த நாய்கள் எல்லாமே பக்கம் முழுக்க மேற்படி. கருப்பியின் பட்டை எண்ணைத் தேடிப் பிடித்தேன். அவளும் மேற்படிதான். நேரம் போட்டிருக்கவில்லை. சந்தைமேடு எங்கள் தெருவிலிருந்து நாலு கிலோமீட்டர். இறப்புப் பதிவேடு என்று ஒன்று இல்லவே இல்லை.

மூன்று சாயங்காலம் சந்தைமேட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். காதில் வெட்டு அடையாளத்தோடு நிறைய நாய்கள் திரிந்தன. கருப்பி இல்லை.

பார்த்ததை வரிசையாக எழுதி நகராட்சி ஆணையருக்கு மனுவாகக் கொடுத்தேன். அடுத்த மாதத்திலிருந்து புதுப் படிவம். ஆரம்ப இருப்பு, பிடித்தது, விட்டது, தத்து, இறப்பு, முடிவு இருப்பு என்று ஆறு கட்டம். விட்ட இடத்துக்குத் தெருப் பெயரும் எழுத வேண்டும். முதல் மாதப் படிவத்தைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு நாய் உதைக்கிறது. அந்த இரண்டின் பட்டை எண்ணைக் கேட்டு நேற்று மறுபடி மனு கொடுத்திருக்கிறேன், நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு.