பெரிங் ஏர் 445: விமானத்தை விட்டால் வேறு வழியில்லாத ஊர்களின் துக்கம்

2025 பிப்ரவரி 6ஆம் நாள் பிற்பகல் 2.37 மணிக்கு, அலாஸ்காவின் மேற்குக் கரையில் உள்ள உனலக்லீட் என்னும் சிற்றூரிலிருந்து நோம் நகரை நோக்கிப் பெரிங் ஏர் நிறுவனத்தின் 445ஆம் எண் விமானம் புறப்பட்டது. ஒற்றை எஞ்சின் கொண்ட செஸ்னா கேரவன் வகை விமானம் அது. ஒன்பது பயணிகளும் ஒரே ஒரு விமானியும் அதில் இருந்தார்கள். ஏறத்தாழ நாற்பது நிமிடங்களில், நார்ட்டன் விரிகுடாவின் மேல் பறந்துகொண்டிருந்தபோது, அதன் தடம் அறுந்துபோனது. மறுநாள் கடற்பனியின் மேல் அதன் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. பத்துப் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பிலடெல்பியாவில் ஒரு மருத்துவ விமானம் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. எனவே செய்தி நிறுவனங்கள் பலவும் இதை அமெரிக்காவின் மூன்றாவது பெரிய விபத்து என்று வரிசை எண் கொடுத்து வெளியிட்டன. எனக்கு அந்த வரிசை அப்போதே உறுத்தியது. மற்ற இரண்டும் பெருநகரங்களில் நேர்ந்தவை. இறந்தவர்களை அறியாத லட்சக்கணக்கானோர் தொலைக்காட்சியில் அவற்றைப் பார்த்துப் பதறினார்கள். நோமில் வாழ்வோர் நான்காயிரம் பேருக்கும் குறைவு. உனலக்லீட்டில் எழுநூறு பேர் அளவில்தான் இருப்பார்கள். அங்கே விமானம் காணாமல் போனது என்று கேள்விப்பட்டவுடன் யாருக்கும் எழும் முதல் கேள்வி, அதில் நமக்குத் தெரிந்தவர் யார் என்பதுதான்.

அலாஸ்காவின் ஊர்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை சாலைத் தொடர்பு இல்லாதவை. நோமிலிருந்து சில சாலைகள் புறப்படுகின்றன என்றாலும், அவை அருகிலுள்ள சில குடியிருப்புகளோடு முடிந்துவிடுகின்றன. மாநிலத்தின் ஏனைய பகுதியோடு அவற்றுக்கு இணைப்பே கிடையாது. கடல் உறையாத மாதங்களில் படகும் சரக்குத் தோணியும் வரும். மற்றபடி பள்ளி ஆசிரியர், பிரசவத்துக்குச் செல்லும் பெண், தபால் மூட்டை, குழந்தைக்கான பால்மாவு, இறந்தவரின் உடல் என எல்லாம் இத்தகைய சிறிய விமானத்தில்தான் வந்து போகின்றன. நம்மில் பலருக்குச் சிறிய விமானம் என்றால் செல்வந்தரின் வாகனம் என்ற எண்ணம் இருக்கிறது. அங்கே அதுதான் ஊருக்கு ஒரே பேருந்து.

இறந்தவர்களில் இருவர் அலாஸ்கா பழங்குடியினருக்கான சுகாதார அமைப்பின் ஊழியர்கள். உனலக்லீட்டின் குடிநீர் நிலையத்துக்கு இன்றியமையாத வெப்ப மீட்புக் கருவியைப் பராமரிப்பதற்காக அங்கே வந்திருந்தார்கள். இந்த ஏற்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். இத்தகைய ஊர்களில் மின்சாரம் டீசல் ஜெனரேட்டர்களிலிருந்து வருகிறது. அவை வீணாக்கும் வெப்பத்தைக் குழாய் வழியே கொண்டுசென்று, குடிநீர் உறைந்துவிடாமல் காப்பாற்றுகிறார்கள். குளிர்காலத்தின் நடுவில் அந்த வெப்பம் நின்றுபோனால் தண்ணீரும் நின்றுபோகும். அந்த வேலைக்காக வந்தவர்கள் வீடு திரும்பும் வழியில் இறந்தார்கள் என்பது, குழாயைத் திறக்கும் ஒவ்வொரு வீட்டிலும் எப்படி உணரப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

விமானம் காணாமல் போன அன்று மாலையே தேடுதல் தொடங்கியது. நோம் தன்னார்வத் தீயணைப்புப் படை முகநூலில் தொடர்ந்து தகவல் தந்தது. நோமிலிருந்தும் ஒயிட் மவுண்டன் என்ற சிற்றூரிலிருந்தும் உள்ளூர்க் குழுக்கள் தரைவழியே தேடின. வானம் மூடிக்கிடந்ததால் விமானங்களிலிருந்து பார்ப்பது கடினமாக இருந்தது. அந்நேரத்தில் தீயணைப்புப் படை விடுத்த வேண்டுகோள்தான் என் மனத்தில் தங்கிவிட்டது: வானிலையையும் பாதுகாப்பையும் கருதி, யாரும் தாங்களாகக் குழு அமைத்துத் தேடப் புறப்பட வேண்டாம் என்று அது கேட்டுக்கொண்டது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிடும் என்று அஞ்சி விடுக்கப்படும் அறிவிப்புகளைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். இங்கே அஞ்சியது வேறு. பனியில் ஓடும் வண்டியை எடுத்துக்கொண்டு, இருட்டிலும் பனிமூட்டத்திலும் உறுதியற்ற கடற்பனியின் மேல் தேடப் போய்விடக்கூடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அவர்களைத் தடுத்து நிறுத்துவதே அன்றைய பொறுப்பான செயலாக இருந்தது.

மறுநாள், விமானம் கடைசியாக இருந்த இடத்தை வைத்துத் தேடிய ஹெலிகாப்டரிலிருந்தவர்கள் சிதைவைக் கண்டார்கள். கடலோரக் காவல்படையின் மீட்பு நீச்சல் வீரர்கள் இருவர் கயிற்றில் இறங்கிச் சோதித்தார்கள். காவல்படை வெளியிட்ட படத்தில் விமானத்தின் உடைந்த உடற்பகுதி பனிப்பாளத்தின் மேல் கிடக்கிறது. அதனருகே நிற்கும் இருவர் மிகச் சிறியவர்களாகத் தெரிகிறார்கள். அது ஓரிடத்தில் நிலைத்து நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும் பனி. புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. அது வருவதற்குள் பத்துப் பேரின் உடல்களையும் மீட்டாக வேண்டும் என்ற நெருக்கடியில் பிப்ரவரி 8 அன்று அந்தப் பணி முடிக்கப்பட்டது. நோமில் உள்ள மருத்துவமனை, குடும்பத்தினர் கூடியிருப்பதற்கு இடம் ஒதுக்கித் தந்தது. இரு ஊர்களிலும் மக்கள் பிரார்த்தனைக்குக் கூடினார்கள்.

இணையத்தில் அந்நேரம் நடந்ததோ வேறு கதை. விசாரணைக் குழு வந்து சேருவதற்கு முன்பே விமானியின் திறமை, நிறுவனத்தின் பேராசை, அரசின் அலட்சியம் என்று தீர்ப்புகள் குவிந்தன. விபத்து அறிக்கைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் உடையவன் என்பதால் எனக்கு இதில் தனி எரிச்சல் உண்டு. பெரிங் ஏர் தொலைதூரத் தலைமையகத்திலிருந்து இயங்கும் பெருநிறுவனம் அல்ல; நோமிலேயே தொடங்கி அங்கேயே வளர்ந்தது. அதன் ஊழியர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் ஒரே கடையில் பொருள் வாங்கி, ஒரே தேவாலயத்தில் அமர்பவர்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களே அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்க அதே நிறுவனத்தின் விமானத்தில் ஏற வேண்டும். இத்தகைய இடத்தில் கோபம் இல்லாமல் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. அது வெளிப்படும் விதமும் வேகமும் நமக்குப் பழகியவை அல்ல.

இத்தகைய விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முதற்கட்ட அறிக்கை மார்ச் மாதம் வெளிவந்தது. நோம் விமான நிலையத்தின் ஓடுபாதையில் உறைபனி அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்ததால், அது திறக்கப்படும் முன் வந்து சேர்ந்துவிடாதபடி வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று விமானிக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கிறது. பிறகு விமானத்தின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. அது 100 நாட் (knot; மணிக்கு ஏறத்தாழ 185 கி.மீ.) அளவுக்குச் சற்றுக் கீழே இறங்கிய கட்டத்தில், விமானத்தைத் தானாகச் செலுத்தும் ஆட்டோபைலட் விலகியது. அடுத்த 19 விநாடிகளில் வேகம் ஏறத்தாழ 70 நாட் ஆனது. அங்கிருந்து உயரம் வேகமாகச் சரிந்தது. உறைபனிச் சூழலில் வேகம் குறைவது ஏன் ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டும்: இறக்கையில் பனி படிந்தால் அதன் வடிவமே மாறிவிடுகிறது. ஏந்திப் பிடிக்கும் விசை குறையும், இழுவை கூடும், வழக்கமாகப் பாதுகாப்பான வேகம் அப்போது போதாததாகிவிடும். இந்தச் சிறிய விமானங்கள் சிலவற்றில் இறக்கையின் முன்விளிம்பு நெடுக ஊசிமுனைத் துளைகள் இருக்கும். அவற்றின் வழியே கிளைக்கால் (glycol) என்னும் உறைதடுப்புப் பொருள் கலந்த திரவம் கசிந்து, பனி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. விமானத்தின் எடை கூடக்கூட அந்த எல்லை நெருங்கி வருகிறது.

எடையைப் பற்றியும் அறிக்கை பேசுகிறது. உறைபனி எதிர்பார்க்கப்படும் சூழலில் அந்த விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடையைவிட அது சுமார் 1,000 பவுண்டு கூடுதலாக இருந்ததாக விசாரணையாளர்கள் மதிப்பிட்டார்கள். முதற்கட்ட அறிக்கை காரணத்தைத் தீர்மானிப்பதில்லை. கண்டறிந்ததை மட்டும் சொல்லும். என்றாலும் இந்த எண்ணைக் கடந்து போக எனக்கு முடியவில்லை.

சிறிய விமானம் விழுவது அலாஸ்காவுக்குப் புதிதல்ல. 1935 ஆகஸ்டில் பாரோ முனைக்கு அருகே விமானி வைலி போஸ்ட்டும் நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸும் விபத்தில் இறந்தபோது, அந்தச் செய்தியை நகருக்குக் கொண்டுவந்தவர், தூந்திர நிலத்தைக் கால்நடையாகவே ஓடிக் கடந்த இன்யூப்பியாக் என்னும் அலாஸ்கா பழங்குடியைச் சேர்ந்த ஒரு மனிதர். 1972 அக்டோபரில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஹேல் பாக்ஸும் நிக் பெகிச்சும் சென்ற செஸ்னா இன்றுவரை கிடைக்கவில்லை. விமானங்களில் அவசரச் சமிக்ஞைக் கருவி கட்டாயமானதற்கு அந்த இழப்பு ஒரு பெரிய உந்துதல். அரை நூற்றாண்டு கழித்து, 445ஆம் விமானத்திலிருந்து அப்படியொரு சமிக்ஞை எதுவும் தங்களுக்கு வரவில்லை என்று கடலோரக் காவல்படை சொன்னது. 2008 முதல் 2017 வரையிலான பத்தாண்டுகளில் அலாஸ்காவின் விமான விபத்து விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட 2.35 மடங்கு என்று அதே பாதுகாப்பு வாரியம் 2020இல் எழுதி, வானிலை அறிக்கையிலிருந்து பயிற்சி வரை அனைத்தையும் சேர்த்துச் சீர்செய்யுமாறு பரிந்துரைத்தது.

வானிலை நிலையங்கள், தடம் காட்டும் கருவிகள் ஆகியவற்றைப் பணம் ஒதுக்கி நிறுவிவிடலாம். எடை அவ்வளவு எளிதன்று. பயணிகள், அவர்களது பைகள், கருவிப் பெட்டிகள், அடுத்த ஊரில் காத்திருக்கும் சரக்கு என்று அந்தச் சுமையில் சேர்வதெல்லாம் யாரோ ஒருவருக்கு அவசியமானவை. உறைபனி முன்னறிவிப்பு உள்ள நாளில் இருவரை இறக்கிவிட்டு, மூன்று பெட்டிகளை விட்டுச் செல்கிறேன் என்று விமானி சொன்னால், இறங்கப்போகிறவர் அவரது பக்கத்து வீட்டுக்காரராகவே இருக்கலாம். அந்த முடிவை விமானி ஒருவர் மேல் விடாமல், புறப்படும் முன்பே தராசும் முன்னறிவிப்பும் சேர்ந்து கட்டாயமாக எடுக்க வைக்கும் நடைமுறை வேண்டும். அன்று இடம் கிடைக்காமல் போகும் இருவருக்கு மறுநாள் இடமும் தங்குமிடமும் யார் பொறுப்பில் என்பதும் அதே நடைமுறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.